நீலகிரியில் புல் எப்போது வந்தது, மரம் எப்போது வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்களையும் பறவை பார்ப்பவர்களையும் மேல் பீடபூமிக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். வண்டி தலைக்குந்தாவைத் தாண்டுவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தாம். பாதிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாராவது தேநீர்க் கடையைப் பார்த்துவிடுவார்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 'மேல் பீடபூமி' என்று நான் சொல்வது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே, தொட்டபெட்டாவிலிருந்து முக்குருத்தி வரை விரிந்து கிடக்கும் மேட்டை.

இந்த மலைகள் ஒரு காலத்தில் முழுக்கக் காடாக இருந்து, வெட்டி மொட்டையாக்கப்பட்டவைதானே?

இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே முகத்தில் ஒரு வருத்தமும் இருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சமவெளியிலிருந்து வருபவர் கண்ணுக்கு, மரமில்லாத மலை என்றால் யாரோ மரத்தை வெட்டிய மலை.

இங்கே நிலம் அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மலையின் முதுகும் தோளும் புல். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்தில், கரும்பச்சையாகச் சுருண்டு கிடப்பது சோலை. இரண்டுக்கும் நடுவே படிப்படியான மாற்றம் அநேகமாகக் கிடையாது. ஒரு காலைப் புல்லில் வைத்து மறு காலைச் சோலைக்குள் வைக்கலாம். வெட்டிவிட்டுக் கைவிட்ட காடு என்றால், சில பத்தாண்டுகளில் ஓரத்திலிருந்து மரக்கன்றுகள் வெளியே வரத் தொடங்கியிருக்கும். இங்கே சோலை மரம் தன் எல்லையை எளிதில் தாண்டுவதில்லை.

இந்தப் புல் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது என்பதற்கு மண்ணுக்குள் சான்று இருக்கிறது. தென்னிந்தியாவில் மாடு வளர்ப்புக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்றுகளோ ஏறத்தாழ 5,000 ஆண்டுகளைத்தான் தொடுகின்றன. மந்தையும் கோடரியும் வருவதற்கு வெகு காலம் முன்பே புல் வந்துவிட்டது. பிற்காலத்தில் சோலைகள் வெட்டப்பட்டதும் உண்மைதான். அந்தக் கதை தனி.

பனியுகத்தில் நீலகிரி பனிக்கட்டிக்குள் மூழ்கிக் கிடந்ததா?

இல்லை. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன்பு. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளங்கள் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடந்தன. இமயமலையில் பனியாறுகள் இன்றைவிடக் கீழே இறங்கியிருந்தன. தென்னிந்தியாவில் எங்கும் பனியாறு கிடையாது. குளிர் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே பனியுகம் வறட்சியாகத்தான் வந்தது. உலகின் தண்ணீரில் பெரும் பங்கு வடக்கே பனியாகக் கட்டிக் கிடந்ததால் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. பாக் நீரிணை தரையாக இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். கடலும் நிலமும் குளிர்ந்து தென்மேற்குப் பருவமழை மெலிந்தது. காற்றில் கரியமில வாயுவும் குறைவு: பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவில். தொழிற்புரட்சிக்கு முன் அது 280; இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், புல்லின் கதையில் இதற்கும் வேலை இருக்கிறது.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே என்ன முளைத்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சதுப்பைக் கேட்டு.

குன்றுகளுக்கு நடுவே தட்டையான பள்ளங்கள் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணப் புல்தரை. கால் வைத்தால் அமுங்கும், எடுத்தால் மெல்ல எழும். அடியில் இருப்பது பீட்: மக்காத செடிகள் அடுக்கடுக்காக அமுங்கிக் கறுத்த மண். நீர் தேங்கியே இருப்பதால் உள்ளே காற்றுப் போகாது. காற்றுப் போகாததால் செடி முழுதாக மக்காது. ஆண்டுதோறும் மேலே ஒரு மெல்லிய படலம் சேரும். வெட்டிய குழியின் சுவரைப் பார்த்தால் திருநெல்வேலி அல்வாவைக் கத்தியால் அறுத்ததுபோல் கறுப்பாக, ஈரமாக, நார் நாராகத் தெரியும். மேல் விளிம்பு நேற்றையது. கீழே போகப் போகப் பழையது.

அந்தச் சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் இடைவெளியில் துண்டுகள் எடுக்கிறார்கள். இப்போதைய வேர்களைப் பொறுக்கி நீக்கிவிட்டு, ரேடியோ கார்பன் முறையில் வயது பார்க்கிறார்கள். பிறகு இரண்டு கேள்விகள். முதலாவது, எந்தச் செடியின் மகரந்தம் இதில் இருக்கிறது? மகரந்தத் தூளின் வெளி உறை பல்லாயிரம் ஆண்டுகள் கெடாது. நுண்ணோக்கியில் புல்லை வேறாக, மரத்தை வேறாக எண்ணிவிடலாம். லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்தின் விஷ்ணு மித்ரே போன்றவர்கள் நீலகிரிச் சதுப்புகளில் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வி நுட்பமானது: இந்தப் பீட்டில் கனமான கார்பன் எவ்வளவு? இயற்கையில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான வகை. ஒளிச்சேர்க்கையில் செடிகள் இரண்டு பெரிய கட்சிகளாகப் பிரிகின்றன. நெல்லும் அநேகமாக எல்லா மரங்களும் சி3 கட்சி. கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு, வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை சி4. சி3 செடி கனமான கார்பனை அதிகம் ஒதுக்கும், சி4 செடி அவ்வளவாக ஒதுக்காது. அளவுகோலாக வைத்த பொருளோடு ஒப்பிட்டால் சி3 செடியில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 குறைவு, சி4 செடியில் ஏறத்தாழ 12 குறைவு. இடைவெளி பெரிது, ஆகவே குழப்பம் குறைவு. வறட்சியும், காற்றில் கரியமில வாயுப் பற்றாக்குறையும் இருந்தால் சி4 செடிக்குக் கொண்டாட்டம்.

ஊட்டிக்கு அருகில் உள்ள சாண்டிநல்லாவின் பீட்டை இப்படி ஆராய்ந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். யானைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காகவே பலரும் அறிந்தவர் சுகுமார். 1997-இல் இந்தப் பதிவு 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நீட்டப்பட்டது.

சரி, சதுப்பு என்ன சொன்னது?

பனியுகம் உச்சத்தில் இருந்தபோது சி4 புல்லின் கை ஓங்கியிருந்தது. பிறகு உலகம் சூடேறத் தொடங்கியது. பூமி சூரியனைச் சுற்றும் வாக்கில் நிகழ்ந்த மெல்லிய மாற்றங்களால் வட அரைக்கோளத்துக் கோடையில் வெயில் கூடியது, ஆசிய நிலம் நன்றாகச் சூடேறியது, பருவமழை வலுத்தது. பத்தாயிரம் ஆண்டுகளை ஒட்டிய காலம் நீலகிரிக்கு நல்ல மழைக்காலம். பீட்டில் சி3 செடிகளின் அடையாளம் மேலோங்குகிறது, சோலைகள் பெருகியிருக்கின்றன. இதே காலத்தில் சகாரா பாலைவனத்தில் ஏரிகளும் புல்வெளியும் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வெயில், ஒரே பருவக்காற்று முறை.

அது நிலைக்கவில்லை. கடந்த ஐயாறாயிரம் ஆண்டுகளுக்குள் மழை மறுபடி தளர்ந்தது. நீண்ட வறண்ட கட்டம் ஒன்று வந்தது. புல் திரும்ப முன்னேறியது. அதன் பிறகும் சிறு சிறு ஊசலாட்டங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு, மாணவர்கள் தேர்வில் தவறவிடும் இடம் இதுதான். சி3 கூடியது என்றாலே காடு கூடியது என்று எழுதிவிடக் கூடாது. குளிரையும் ஈரத்தையும் விரும்பும் சில புற்களும் சதுப்புச் செடிகளும்கூட சி3 கட்சிதான். அதனால்தான் மகரந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. தவிர, நீலகிரி முழுவதும் ஒரே மாதிரி ஆடவில்லை. மேற்கு விளிம்பில் அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஊட்டி நகரத்தில் ஆண்டு முழுவதுக்குமான மழையே அதைப்போல் ஒன்றரை மடங்குதான். முப்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு வேறுபாடு உள்ள மலையில், ஒரு குழியின் கதையை மலை முழுவதன் கதையாக்க முடியாது.

மழை அத்தனை பெய்தும் காடு ஏன் எல்லா இடத்தையும் பிடிக்கவில்லை?

உறைபனி. டிசம்பர், ஜனவரியில் அதிகாலை ஐந்தரை மணிக்குத் தலைக்குந்தா பக்கம் வந்து பார்த்தால் விளங்கும். இரவில் வானம் தெளிந்திருந்தால் நிலத்தின் சூடு மேலே போய்விடும்; குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் புல் முழுக்க வெள்ளை. மிதித்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். அங்கிருந்து நேராகச் சோலைக்குள் நுழையுங்கள். இலைக்கூரைக்கு அடியில் வெண்மை இல்லை. தரை ஈரமாக, கறுப்பாக, ஏறக்குறைய இதமாக இருக்கும். கூரை சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது ஒரு சோலை விதையின் நிலைமையை யோசியுங்கள். பறவை அதைப் புல்லில் எச்சமிட்டுப் போகிறது. மழையில் முளைக்கிறது. மார்கழி வந்ததும் மேலே கூரை இல்லாத இடத்தில் நிற்கும் அந்தக் கன்றின் செல்களுக்குள் நீர் உறைகிறது. அடுத்த நாள் பகலில் சுள்ளென்று மலைவெயில் வேறு. கன்று கருகிவிடும். புல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை: இலை கருகினாலும் வளரும் முனை மண்ணோடு மண்ணாகப் பத்திரமாக இருக்கும். பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் புல்வெளியில் நாற்றுகளை வைத்துச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: சோலை மரத்தின் நாற்றுகள் உறைபனியில் மடிந்தன, ஆஸ்திரேலியச் சீகையின் (வாட்டில் மரம்) நாற்றுகள் பிழைத்தன. பிற்பாடு இந்த மலையில் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த ஒரு முடிவிலேயே விளக்கம் இருக்கிறது.

உறைபனி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மேற்கு விளிம்பில் ஓயாத காற்று, முகடுகளில் மெல்லிய மண், கோடையில் தீ எல்லாம் புல்லின் பக்கம் சாய்பவைதாம்.

தோடர்கள் வைத்த தீதான் புல்வெளியை உண்டாக்கியது என்று படித்திருக்கிறேனே?

படித்திருப்பீர்கள், இது பழைய வழக்கு. 1938-இல் சி. ஆர். ரங்கநாதன், நீலகிரியில் புல்வெளி, சோலை இரண்டுமே அந்தந்த இடத்தின் இயல்பான முடிவுநிலை, உறைபனியே எல்லை போடுகிறது என்று எழுதினார். அதே காலத்தில் என். எல். போர், மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் சோலையைப் பின்வாங்க வைத்தன என்று வாதிட்டார். இருவருமே வனத்துறைக்காரர்கள். அவர்கள் காலத்தில் சதுப்புக் கணக்கு கையில் இல்லை. இன்று இருக்கிறது; புல்லின் தோற்றம் என்ற கேள்வியில் ரங்கநாதன் பக்கமே தராசு தாழ்கிறது என்பது என் கருத்து.

ஆனால் தோற்றம் வேறு, பராமரிப்பு வேறு. ஒருவர் கட்டிய வீட்டை இன்னொருவர் ஓடு மாற்றி, வெள்ளையடித்துக் காப்பாற்றுவது உண்டல்லவா? தோடர்கள் செய்தது அந்த இரண்டாவது வேலை. அவர்கள் இங்கே பழங்குடிகள் என்பதற்கு எழுத்துச் சான்றே 900 ஆண்டுகள் பழமையானது: போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதாக 1117-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு பெருமையடிக்கிறது. 1603-இல் மலையேறி வந்த ஏசு சபைப் பாதிரியார் பெனிசியோவும் தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எருமை மந்தையைப் பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றி மேய்ப்பது, வறண்ட மாதங்களில் முற்றிய புல்லை இங்கொரு துண்டு அங்கொரு துண்டாக எரித்து இளம்புல்லைத் துளிர்க்க வைப்பது, இவை அவர்களுடைய வழக்கம். இதனால் சோலையின் ஓரங்கள் சில இடங்களில் சுருங்கியிருக்கலாம். புல்வெளியின் பெரும்பகுதி தளர்ந்துபோகாமல் இருந்ததும் இதனால்தான்.

தோடர் கோயில் கூரையைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு எளிதில் புரியும். ஊட்டி முத்தநாடு மந்து என்னும் தோடர் குடியிருப்பில் கூம்பு வடிவக் கோயில் ஒன்று நிற்கிறது. அதன் கூரைக்குக் கிடைத்த புல்லையெல்லாம் போட முடியாது. சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்தான் வேண்டும். கூரை மாற்றும்போது அதைத் தேடித் தேடி அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். சதுப்பு போனால் கோயில் கூரையும் போயிற்று.

படுகர்களின் விவசாயம்?

விஜயநகரப் பேரரசு சரிந்த பிறகு, மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். 'வடக்கத்தியர்' என்பதே பெயரின் பொருள். கிழக்குப் பக்கத்தின் மிதமான சரிவுகளில் புல்லைத் திருத்தி ராகியும் சாமையும் விதைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு நிலத்தை ஆறவிட்டு வேறிடம் போனார்கள். சோலைகளும் ஓரளவு குறைந்தன. உருளைக்கிழங்கு, கேரட், தேயிலை எல்லாம் மிகப் பிந்தியவை.

ஆங்கிலேயர் வந்தபின் என்ன ஆனது?

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா, அடுத்து ஏரி, பிறகு ஊர். குளிர் நாட்டு மக்களுக்குக் குளிர்காய விறகு வேண்டும். அருகில் இருந்த சோலைகள் அடுப்புக்குப் போயின. சோலை மரம் மெல்ல வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆகவே வேகமாக வளரும் மரத்தைத் தேடினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு: இங்கே சீகை என்றால் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல, வாட்டில் மரம், கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ். முதலில் தோட்டத்து ஓரங்களில், பிறகு சாலையோரம், 1860-களிலிருந்து விறகுத் தோப்புகளாக, காலியாகத் தெரிந்த புல்லின்மேல். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் தோடர் தீயும் குற்றமாகத் தொடங்கியது.

'காலியாகத் தெரிந்த' என்றேன். என் பார்வையில் மொத்தக் கோளாறும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஊட்டி–கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைல் பக்கம் விரிந்திருக்கும் புல்வெளிக்கு 'வென்லாக் டவுன்ஸ்' என்று பெயர். வென்லாக் பிரபு அன்றைய சென்னை ஆளுநர். 'டவுன்ஸ்' என்பது தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுப் புல்வெளிகளைக் குறிக்கும் சொல். ஊர் நினைவில் வைத்த பெயர். அந்த வெளியில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தோடு நரி வேட்டையும் ஆடினார்கள். ஆனால் இங்கிலாந்தின் டவுன்ஸ் எப்படி வந்தது? பனியுகம் முடிந்ததும் வட ஐரோப்பாவின் வெற்று நிலத்தில் முதலில் பிர்ச்சும் பைனும், பிறகு ஓக்கும் எல்மும் ஏறின. ஏறக்குறைய எல்லாம் காடானது. அந்தக் காட்டைக் கற்கால, வெண்கலக் கால உழவர்கள் வெட்டித் திருத்தி, ஆடுகளை மேயவிட்டு உண்டாக்கியதுதான் டவுன்ஸ். அங்கே புல்வெளி என்றால் மனிதன் காட்டிடமிருந்து பிடுங்கிய நிலம் என்பது ஓரளவு சரி. அந்தப் பெயரோடு அந்தக் கருத்தும் கப்பலேறி வந்து இங்கே இறங்கிவிட்டது. இங்கே காலநிலை எழுதிய கணக்கே வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை சீரானதா?

மோசமானது. ஆங்கிலேயர் தொடங்கியதை நாம் பெரிதாகச் செய்தோம். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது, செயற்கை நூலிழைக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது. இதற்காக நடப்பட்ட மரங்கள் பெரும்பாலும் சென்று நின்றது புல்லின்மேல்தான். வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல; மரம் நட்டால் நல்லது என்று உண்மையிலேயே நம்பினார்கள். அணைகளும் கால்வாய்களும் சில சதுப்புகளை விழுங்கின.

பக்கத்தில் பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தார்கள். 1970-களிலிருந்து நான்கு பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பனியுகம் முடிந்து பருவமழை பலமுறை மாறி ஆடியபோதும் தாக்குப்பிடித்த புல் அது.

எப்படியிருந்தாலும் மரம் நடுவது தண்ணீருக்கு நல்லதுதானே?

இந்த மலையில் இல்லை. கிளன்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் கற்பூர மரம் நட்டு, மற்றொன்றை இயற்கையாக விட்டு, ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிமரத்திலிருந்து துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு கால் பங்கை எட்டியது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் கீழே பைக்காராவும் மோயாறும் பவானியும் காத்திருக்கின்றன. கோடையில் ஓடை வற்றாமல் இருப்பதற்குக் காரணம் புல்லும் அதன் கீழுள்ள கரிய மண்ணும் பீட்டும் மழையைக் குடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான்.

இமயமலையில் பூக்கும் ரோடோடென்ட்ரான் இங்கே எப்படி வந்தது?

சோலை ஓரத்தில், சில நேரம் புல்லின் நடுவே தன்னந்தனியாக, செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் மரம். சிலர் காட்டுப்பூவரசு என்பார்கள். உறைபனியைத் தாங்கும் ஒருசில உள்ளூர் மரங்களில் ஒன்று. இதே இனம் இமயத்திலும் இருக்கிறது. இடையில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இல்லை. பனியுகங்களின்போது மலையுயிர்கள் தாழ்ந்த உயரங்களுக்கு இறங்கி, மலைத்தொடர் வழியாகத் தெற்கே வந்து, வெப்பம் திரும்பியதும் உச்சிகளில் சிக்கிக்கொண்டன என்பது பழக்கமான விளக்கம். விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா, சாத்பூரா மலைகளே பாலமாக இருந்தன என்றார். வழி எது என்ற விவாதம் ஓயவில்லை.

எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. நீலகிரி வரையாட்டைப் பார்த்ததும் இமய வரையாட்டின் தம்பி என்று தோன்றும். மரபணுவைப் பார்த்தால் இது செம்மறிக்கு நெருங்கிய உறவு, அது வெள்ளாட்டுக்கு. கொம்பு ஏமாற்றிவிட்டது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே இன்னொன்று என்று பிரிந்திருக்கும் பறவைகளும் உண்டு. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்வான வெளி, சோலையை விட்டு வெளியே வராத பறவைக்குக் கடல் மாதிரி. 2017-இல் இவற்றுக்குத் தனிப் பேரினப் பெயர் வைத்தார்கள்: 'ஷோலிகோலா', அதாவது சோலையில் வாழ்வது. லத்தீன் பெயருக்குள் நம் 'சோலை' உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

நீலக்குறிஞ்சி சோலைச் செடியா, புல்வெளிச் செடியா?

புல்வெளிச் செடி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இலும் 2018-இலும் பெருவாரியாகப் பூத்தது. சீகை நிழலில் அது நிற்காது.

சீகையை வெட்டிவிட்டால் புல் திரும்பி வந்துவிடுமா?

வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் திரும்பி வருவது சீகைதான். அதன் விதை கடினமான உறையோடு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். வெளிச்சம் பட்டால் முளைக்கும். தீ பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். ஓரிரு மழைக்குள் விரல் நுழைய இடமில்லாமல் நாற்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை வேரோடு கொண்டுவந்து நட வேண்டும். முதுகு ஒடியும் வேலை, செய்தால் பலிக்கிறது. முதலில் வரும் புல் ஒன்றிரண்டு வகைதான். பழைய புல்வெளியின் ஆர்க்கிட், கிழங்குச் செடி எல்லாம் சேர எத்தனை காலம் ஆகும் என்பது வேறு கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சீகைத் தோப்புக்குள் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன. சீகை கூரை போட்டதால் உறைபனி அவற்றைத் தொடவில்லை. அங்கெல்லாம் ஒரேயடியாக வெட்டித் தள்ளுவது சரியா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. சோலையை ஒட்டிய தோப்புகளில் பொறுமையாகவும், புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் கன்றுகள்மேல் உடனடியாகவும் கை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையும், வரையாடுகளுக்கென 25.14 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன. அவை மேய்வது இந்தப் புல்லைத்தான்.

இனி வெப்பம் கூடினால்?

உறைபனி இரவுகள் குறைந்தால் புல்வெளியின் காவல் தளரும். காற்றில் கரியமில வாயு கூடினால் சி4 புல்லுக்கு இருந்த சலுகையும் குறைகிறது. பனியுகத்து 190-க்கும் இன்றைய 420-க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காவல் தளர்ந்த இடத்துக்குச் சோலை மெல்ல வரும் என்று கனவு காணலாம். ஆனால் வாசலிலேயே விதை மூட்டையோடு நிற்பது சீகை. ஓட்டப்பந்தயம் நடந்தால் யார் முந்துவார்கள் என்று அந்த 2020 நாற்றுச் சோதனை ஏற்கெனவே காட்டிவிட்டது.

ஒரே நாளில் இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

டிசம்பர் அல்லது ஜனவரி என்றால் விடியலில் தலைக்குந்தாவில் உறைபனி. முன்னதாக இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் நீலகிரிக்கு அது வேண்டும். பிறகு ஒன்பதாவது மைல்: ஒரு பக்கம் புல், மறுபக்கம் கற்பூர மரம், தூரத்து மடிப்பில் சோலை, மூன்றும் ஒரே பார்வையில் விழும். அவலாஞ்சிக்கு வனத்துறையின் வண்டியில்தான் போக முடியும்; சோலையின் உள்ளே எப்படியிருக்கும் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். திரும்பும் வழியில் சாண்டிநல்லா பக்கம் வண்டியை நிறுத்திச் சாலையிலிருந்தே பாருங்கள். எருமைகள் மேயும் தட்டைப் பள்ளத்தில் புல்லின் நிறம் ஓரிடத்தில் சற்றுப் பழுப்பாக மாறும். அதுதான் சதுப்பு. அதன்மேல் நடக்க வேண்டாம். முழங்கால் வரை இறங்கிய ஒரு மாணவரின் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது, கெடாமல்.